தோற்ற காரின் தூசி

ராஜபாளையத்து ஃபிட்டர்களிடம் நூற்பாலை ஏற்றிவிட்ட ஒரு குணம் உண்டு. கண்ணால் பார்த்ததை நம்பமாட்டார்கள். வெர்னியர் வைத்துப் பார்த்தால்தான் நம்புவார்கள். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் ஸ்பிண்டிலோடு வாழ்ந்து பழகியது. நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிற ஸ்பிண்டில் மயிரிழை ஆடினாலும் நூல் அறுந்துவிடும். அப்படி ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர், வீட்டுப் பின்கட்டில் சின்ன லேத் ஒன்றைப் போட்டு, நூறாண்டுக்கு முந்தைய பிரெஞ்சுப் பந்தயக் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்துகொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பெயரைப் போடக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. “பேரைப் போட்டீங்கன்னா நாளைக்கே நாலு பேரு, கலியாணப் பரிசுக்கு ஒண்ணு செஞ்சு குடுங்கன்னு வாசல்ல வந்து நிப்பாங்க சார்.”

அவர் எடுத்துக்கொண்டது புகாட்டி டைப் 35. ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர், இரண்டு லிட்டர் எஞ்சின், குதிரை லாட வடிவத்தில் ரேடியேட்டர். பிற்பாடு இந்தக் காரும் இதன் வழிவந்த வகைகளும் ஐரோப்பா முழுக்கப் பந்தயங்களை அள்ளிக் குவித்தன. 1929-இல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரீயை வென்றது இதன் சூப்பர்சார்ஜர் பொருத்திய வகையான 35பி. ஆனால் அண்ணாச்சி செய்வது வென்ற காரை அல்ல. 1924 ஆகஸ்ட் 3 அன்று, லியோன் நகருக்கு அருகே நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் இந்தக் கார் முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கியது. ஐந்து கார்கள் போயின. 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பந்தயத்தில் டயர்கள் ஒவ்வொன்றாகச் செதில் செதிலாக உரிந்துபோக, புகாட்டிக்குக் கிடைத்த சிறந்த இடம் ஏழாவது. கோப்பை ஆல்ஃபா ரோமியோ ஓட்டிய காம்பாரிக்குப் போனது.

“ஜெயிச்ச வண்டிய எல்லாரும் செய்வாங்க. தோத்த வண்டிலதான் சார் வேலை இருக்கு. என்ன ஆச்சுன்னு வண்டி மேலயே எழுதி இருக்கும்” என்றார் அண்ணாச்சி.

அளவுக் கணக்கு இந்தக் காரில் ஒத்தாசையாக அமைந்துவிட்டது. அசல் காரில் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் 2400 மில்லிமீட்டர். மாதிரியில் சரியாக 200. இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே அசலில் 1200, இங்கே 100. சக்கரம்தான் கஷ்டம். அன்றைய பந்தயக் கார்களுக்குக் கம்பிச் சக்கரம்தான் வழக்கம். இந்தக் காரை உருவாக்கிய எட்டோரே புகாட்டியோ தட்டையான எட்டு ஆரங்களும் பிரேக் டிரம்மும் ஒன்றாகச் சேர்த்து வார்த்த அலுமினியச் சக்கரத்தைப் போட்டார். அண்ணாச்சி அலுமினியக் கம்பியை லேத்தில் கடைந்து வட்டம் எடுத்து, ஆரங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் நூல் ரம்பத்தால் அறுத்து எடுக்கிறார். பிறகு ஊசி அரம். ஒரு சக்கரத்தில் ஓர் ஆரம் கோணினால் மொத்தமும் குப்பைக்கு. மேசைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அப்படிப்பட்ட சக்கரங்கள் கிடந்தன.

காரின் உடலுக்கான வடிவம் இங்கே பிறக்கவில்லை. அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். பஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆண்டாள் கோயில் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு தச்சாசாரி. தேர் வேலைக்குப் போய்ப் பழகிய குடும்பம். அவர் செய்து தருவது, தகட்டை வைத்து அடிப்பதற்கான மர அச்சு. மஞ்சக்கடம்புக் கட்டையில் படகு வால்போல் கூம்பும் பின்பகுதியைச் செதுக்கியிருந்தார். ரேகை நெருக்கமான மரம், சீவினால் சிலும்பு எழாது என்பதால் அந்தக் கட்டை. பக்கவாட்டு வளைவைச் சரிபார்க்க அட்டையில் வெட்டிய வார்ப்புருக்களை வரிசையாக ஆணியில் மாட்டியிருந்தார். வெளிச்சத்துக்கு எதிரே கட்டையைப் பிடித்து, அட்டையை அதன்மேல் பொருத்துகிறார். நடுவில் வெளிச்சம் கசிந்தால் இன்னும் ஒரு சீவல். அவ்வளவுதான் அவருடைய அளவுகோல்.

புகாட்டியின் தந்தை கார்லோ மேசை நாற்காலி வடிவமைப்பில் பேர் போனவர் என்றும், தம்பி ரெம்பிராண்ட் விலங்குச் சிற்பங்கள் செய்தவர் என்றும் சொன்னேன். ஆசாரி வியக்கவில்லை. “அதான பாத்தேன். இரும்பு வேலைக்காரன் மட்டும் இருந்தா இந்த வால் இப்படி வராது” என்று சொல்லிவிட்டு உளியைத் தீட்டப் போய்விட்டார். சிறிய அளவில் வண்டி செய்வது இந்த மண்ணுக்குப் புதிதா என்று கேட்டதற்கு, சிறுதேரை நினைவூட்டினார். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவமே சிறுதேர்ப் பருவம்தான். குழந்தை உருட்ட ஒரு தேரைத் தச்சன் செய்து கொடுப்பது எப்போதிலிருந்தோ இருக்கிற வேலை.

மர அச்சு ராஜபாளையம் திரும்பியதும் தகட்டு வேலை. அலுமினியத் தகட்டை அடிக்க அடிக்க இறுகிப்போகும். அப்புறம் கீறல் விடும். சூடு காட்டி இளக்க வேண்டும். இரும்பென்றால் சிவக்கும், கண்டுபிடித்துவிடலாம். அலுமினியம் நிறமே மாறாமல் இருந்து திடீரென்று உருகி ஒழுகிவிடும். இதற்குத் தகடு வேலைக்காரர்கள் கண்டுபிடித்த வழி, சோப்பு. துணி துவைக்கிற சோப்புக்கட்டியைத் தகட்டின்மேல் கோடு கோடாகத் தேய்த்து, அடியில் புளோ டார்ச்சைக் காட்டுகிறார் அண்ணாச்சி. கோடு முதலில் மஞ்சளாகிறது, அடுத்துப் பழுப்பு, அப்புறம் கறுப்பு. கறுத்த கணத்தில் நெருப்பை எடுத்துவிட வேண்டும். ஆறியபின் தகட்டை விரலால் வளைத்துக் காட்டினார்; சொன்னபடி கேட்டது. பிறகு மரச்சுத்தியலால் அச்சின்மேல் வைத்துச் சிறு சிறு தட்டு. அசல் காரின் உடலும் அலுமினியம்தான் என்பதால் இந்தப் பிடிவாதம். பிளாஸ்டிக்கில் செய்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்.

பெயின்ட் வேலை அண்ணாச்சியின் அக்கா மகனுடையது. பகலில் ஒரு டிங்கரிங் பட்டறையில் பெயின்டர். பட்டி பார்ப்பது, வாட்டர் பேப்பர் போடுவது, பிரைமர் அடிப்பது, கண்ணாடி மாதிரி மினுக்குவது அவருடைய பிழைப்பு. இங்கே முதலில் அதையே செய்தார். பிரான்ஸ் நாட்டுக் கார்களுக்கு அந்தக் காலத்தில் உரிய நீலத்தை, அசலைவிடச் சற்று வெளிறக் கலந்தார். சின்ன உருவத்தில் அசல் நிறத்தை அப்படியே பூசினால் கண்ணுக்கு அடர்ந்து தெரியும். நாலு சொட்டு வெள்ளை சேர்த்தால்தான் தூரத்தில் நிற்கிற பெரிய கார்போல் தோன்றும். மூன்று பூச்சு முடிந்து கார் பளபளவென்று நின்றது. அதற்குப் பிறகுதான் அதை அழுக்காக்கும் வேலை.

“மாமா, பகலெல்லாம் கீறலை அழிக்கிறேன். சாயங்காலம் வந்து கீறல் போடுறேன். எவனாச்சும் கேட்டா சிரிப்பான்” என்றார் அவர். அண்ணாச்சியும் சிரித்தார். ஆனால் வேலை என்று வந்தால் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. ஒவ்வொரு கறைக்கும் கேள்வி கேட்பார். இது எங்கிருந்து வந்தது? யார் கை பட்டது? பதில் இல்லாவிட்டால் டர்பன்டைனால் துடைத்துவிட வேண்டியதுதான்.

அந்தக் கேள்விகளுக்கான பதில்கள்தான் இந்தக் கலை. 1924 பந்தயத்தில் ஓட்டுநர் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்து போனார். மறு ஆண்டிலிருந்துதான் அது நின்றது. ஆகவே இரண்டு ஆட்கள் ஏறி இறங்கிய தேய்மானம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். பெட்ரோல் தொட்டிக்குக் காற்றழுத்தம் கைப்பம்பால் ஏற்றப்பட்டது. அந்தப் பிடி மட்டும் உள்ளங்கை பட்டு மின்னும். சுற்றிலும் விரல் அழுக்கு. கை பிரேக் உடலுக்கு வெளியே வலப்பக்கம் இருந்தது. ஓட்டுநரின் முழங்கை உரசிய விளிம்பில் நீலம் தேய்ந்து, முதலில் பிரைமர், அதற்குள்ளே அலுமினியம். இங்கே வெள்ளிப் பெயின்ட் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஊசி நுனியால் சுரண்டினால் அசல் உலோகமே வெளியே வருகிறது. அண்ணாச்சியின் பிடிவாதத்துக்குக் கூலி அங்கேதான் கிடைத்தது.

எஞ்சின் பகுதியின் எண்ணெய்க் கசிவுக்கு அவர்கள் சொன்ன காரணம் எனக்குப் புதிது. அந்தக் காலப் பந்தய எஞ்சின்களில் ஆமணக்கு எண்ணெய் வழக்கமாக இருந்தது. நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. சூட்டில் அது பிசினாகி மஞ்சள் பழுப்பாக ஒட்டிக்கொள்ளும். தூசி அதன்மேல் மட்டும் கனமாகப் படியும். ஆக, எண்ணெய் கசிந்த தையல் ஓரங்களில் முதலில் பழுப்பு எண்ணெய்ச் சாயத்தை மெல்லியதாக ஓடவிட்டு, அது பாதி காய்ந்த பதத்தில் தூசியைத் தூவுகிறார் பெயின்டர்.

தூசிக்கு மண் வேண்டும், ஆனால் கரிசலும் செம்மண்ணும் ஆகாது. வெளிறிய சாலைப் பொடிக்குச் சுண்ணாம்புத் தூளும் கொஞ்சம் காவியும் கலந்த கலவை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை நாலைந்து மடிப்பாக மடித்து அதில் சலிக்கிறார்கள். ஏன் அவ்வளவு நைசாக? சாலையில் ஒரு மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சாதாரண மண்ணைத் தூவினால் காரின்மேல் கூழாங்கல் கொட்டியது போல் இருக்கும். கல் பட்ட வடுவுக்கும் அதே கணக்குத்தான். ஐந்து மில்லிமீட்டர் வடு இங்கே அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கடைசியாக, டயர் உரிந்த கதை. பின்சக்கரத்தை ஒட்டிய உடல்பகுதியில் ரப்பர் வார் விளாசிய கறுப்புத் தடங்கள். எந்தப் புகைப்படத்திலும் தெளிவாகத் தெரியாதவை. உரிந்த டயர் சுழன்றால் எங்கே அடிக்கும் என்று சக்கரத்தில் நூலைக் கட்டிச் சுற்றிப் பார்த்து, நூல் தொட்ட இடத்தில் மட்டும் போட்டார்கள்.

இதை எங்கே படித்தீர்கள் என்று பெயின்டரிடம் கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் என்றார். ஆடிப்பூரத் தேருக்கு இப்போது இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. தேரோட்டம் முடிந்து நிலைக்கு வந்ததும் போய்ப் பார்த்தாராம். சக்கரத்தில் தரை தொட்ட பட்டை வெள்ளி மாதிரி, பக்கவாட்டில் துரு, அச்சைச் சுற்றி கிரீஸில் ஒட்டிய மண், வடம் உரசிய இடத்தில் மரம் வழுவழுப்பு, பக்தர் கை எட்டாத உயரத்தில் அப்படியே பழைய தூசி. ஓடுகிற எந்த வண்டியிலும் தேய்மானத்துக்கு வரிசை ஒன்றுதான் என்பது அவருடைய முடிவு. நானும் ஒருமுறை அந்தத் தேரடியில் நின்று பார்த்தேன். சொன்னது அத்தனையும் இருந்தது.

கிளம்பும்முன் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். பிரான்ஸ் வண்டி எதற்கு, நம் ஊர் வண்டி செய்யக்கூடாதா? அண்ணாச்சி சட்டென்று சொன்னார்: “அளவு யாரு சார் தருவா?”

அது நியாயமான கேள்வி. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார் பந்தயம் நடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமைக்கும்வரை அந்தத் தளம்தான் தென்னிந்தியப் பந்தயத்தின் தலைமையிடம். ஃபியட்டையும் அம்பாசிடரையும் ஹெரால்டையும் பட்டறையில் பிரித்து மேய்ந்து பந்தய வண்டியாக்கினார்கள். கோவையில் கரிவர்தன் மாருதி எஞ்சினைப் போட்டு ஃபார்முலா கார்களையே கட்டினார். 1995-இல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில்தான் செட்டிப்பாளையம் பந்தயத்தடம் இருக்கிறது. புகாட்டிக்கு ஆணி அளவு வரை வரைபடம் கிடைக்கிறது. சோழவரத்தில் ஓடிய ஒரு ஃபியட்டின் மட்கார்டு எவ்வளவு வெட்டப்பட்டது, சைலன்சர் எந்தப் பக்கம் வந்தது என்று கேட்டால், அதை வெட்டிய மெக்கானிக்கின் ஞாபகம்தான் ஆவணம். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ சோழவரத்தில் வண்டி ஓட்டியிருந்தால், கழற்றி மாட்டியிருந்தால், வெறுமனே வேடிக்கை பார்க்கப் போயிருந்தால்கூட, பெட்டிக்கு அடியில் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்னால் ஆண்டையும் வண்டியின் பெயரையும் எழுதி வையுங்கள். அளவு கிடைத்தால் செய்து தர ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆள் இருக்கிறார்கள்.