வெறுங்கால்

வெறுங்காலோடு நடப்பதற்கு ஆட்கள் காசு கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தால் என் அப்பா நம்பியிருக்கமாட்டார். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் 30 வருடம் தோணிச் சரக்கு எண்ணிக் கணக்கெழுதியவர். வெங்காயம், மிளகாய் வற்றல், காய்கறி, கட்டுமானச் சாமான் என்று மாலத்தீவுக்குப் போகும். திரும்பும் தோணியில் சில சமயம் மாசி வரும். கரைக்கும் தோணிக்கும் நடுவே போட்ட பலகையில் செருப்போடு ஏறினால் வழுக்கும். அதனால் காலையில் கழற்றினால் சாயங்காலம்தான் போடுவார். அவருடைய குதிகால் வெடிப்பில் பத்துப் பைசாவைச் செருகி வைக்கலாம் என்று அம்மா கேலி செய்வாள்.

அந்த மாலத்தீவுக்குத்தான் போன பிப்ரவரியில் நானும் மனைவியும் போனோம். கல்யாணமாகி 20 வருடம். முதுகலை படிக்க லீட்ஸ் வந்தவன் அங்கேயே வேலை, வீடு, வீட்டுக்கடன் என்று தங்கிவிட்டேன். மகன் செப்டம்பரில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். மனைவிக்குச் சிங்கப்பூரில் இரண்டு வருட வேலை ஒன்று கிடைத்திருந்தது. பதில் சொல்ல மாத இறுதிவரை நேரம். அதைப்பற்றி வீட்டில் பேச ஆரம்பித்தால் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போய் முடியும். ஐந்து இரவு எங்கேயாவது போய்வரலாம் என்றது அவள்தான்.

மாலேயிலிருந்து கடல்விமானத்தில் 40 நிமிடம். விமானி காலிலும் செருப்பில்லை. இறங்குதுறையில் எங்கள் காலணிகளை வாங்கித் துணிப்பையில் போட்டுச் சுருக்கிட்டார்கள். போகும் நாளில் தருவார்களாம். இந்த வழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. மாலத்தீவின் முதல் விடுதியான குரும்பா 1972இல் திறந்தது. 1995இல் பா பவளத்தீவுக் கூட்டத்தில் சோனு சிவதாசானியும் அவர் மனைவி ஈவாவும் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொனேவா ஃபுஷி என்ற விடுதியைத் தொடங்கினார்கள். செய்தி இல்லை, செருப்பு இல்லை என்பது அவர்கள் கொள்கை. பளிங்குத் தரையும் தங்கக் குழாயும்தான் சொகுசு என்றிருந்த இடத்தில் மணலே சொகுசு என்றார்கள். பிறகு மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் போனதும் அப்படிப்பட்ட ஓர் இடம்தான். பெயர் வேண்டாம்.

மணல் நிஜமாகவே சுகம். வெள்ளைவெளேரென்று இருப்பதால் உச்சிவெயிலிலும் நம்மூர்க் கடற்கரைபோலச் சுடாது. பவளப்பாறையைக் கொறித்துத் தின்னும் கிளிமீனின் கழிவில்தான் இதில் பெரும்பங்கு உண்டாகிறது. இதை நான் மனைவியிடம் சொன்னபோது அவள் கால்விரலால் அளைந்துகொண்டிருந்தாள். "இதை நாளைக்குச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

முதல் இரண்டு நாள் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படுக்கையில் பூவிதழால் இதயம் வரைந்து வைத்திருந்தார்கள். அதைக் கலைக்காமல் உட்கார இடமில்லை. அவள் இதழ்களைப் பொறுக்கித் துண்டில் கட்டி வைத்தாள். குப்பையில் போட மனம் வரவில்லையாம். கைபேசியை நான் பெட்டியிலேயே விட்டிருந்தேன். எடுக்காத கை சும்மா இருக்கமாட்டாமல் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் தீவின் பின்பக்கத்தைச் சுற்றிக்காட்டினார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. எந்த அமைப்பும் பின்னால் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதே என் பிழைப்பு. டீசல் ஜெனரேட்டர்கள், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, குளிர்பதன அறை, ஊழியர் குடியிருப்பு. அங்கே எல்லோர் காலிலும் பூட்ஸ். வெறுங்கால் விருந்தாளிக்கு மட்டும்தான். குளிர்பதன அறை வாசலில் வெங்காய மூட்டைகள் அடுக்கியிருந்தன. எந்த ஊர் மூட்டை என்று படிக்கக் குனிந்தேன். எழுத்து அழிந்திருந்தது.

அங்கே ஒரு பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஸார், தமிழா?" என்றான். திருச்செந்தூர் பக்கமாம். தூத்துக்குடி என்றதும் ஸார் போய் அண்ணே வந்தது. ஊருக்குப் போய் 14 மாதம் ஆகிறது, பிள்ளை பிறந்ததைக் கைபேசியில்தான் பார்த்தான் என்றான். "பழகிருச்சுண்ணே. ரெண்டு வருசந்தானே." மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்க வீட்ல அவங்களுக்குப் பழகிருச்சா தம்பி?" என்று கேட்டாள். அவன் சிரித்தான், பதில் சொல்லவில்லை.

நான்காம் இரவு மணல்திட்டில் விருந்து. எங்கள் தொகுப்பில் அது சேர்ந்தே வந்தது, வேண்டாமென்றால் அவர்கள்தான் வருத்தப்படுவார்கள். நான்கு பேர் மணலைத் தோண்டி மேசையும் இருக்கையுமாகச் செதுக்கியிருந்தார்கள். சுற்றிலும் விளக்கு. அந்த நால்வரும் கொஞ்ச தூரத்தில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்கள். நான்கு முதுகுகளை வைத்துக்கொண்டு காதல் செய்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அலைச்சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

"மாமா லீட்ஸ் வந்தப்போ ஷூ வாங்கிக் கொடுத்தோமே, நெனவிருக்கா?" என்றாள்.

இருந்தது. அப்பா தன் 62 வயதில் போட்ட முதல் ஷூ அது. பனியில் நடக்கத் தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைவரை போவார். ராத்திரி அவர் குதிகாலுக்கு அவள் வாசலைன் தடவிவிடுவாள். முதல் நாள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார். இரண்டாம் வாரம் அவரே நீட்டினார்.

"அந்த வருசந்தான் நான் வேலைய விட்டேன். மாமாவுக்காக இல்ல, அவர் ரெண்டு மாசந்தான் இருந்தார். குட்டிக்காக. அப்புறம் திரும்பப் போக எட்டு வருசம் ஆச்சு. உங்க மேல குறை சொல்லல. அப்போ அதுதான் சரி. இப்ப ஒரு தடவை நான் போய்ப் பாக்கணும்னு ஆசையா இருக்கு."

"போயிட்டா நாம?" என்றேன்.

"அதான் எனக்கும் பயம்."

20 வருடத்தில் அவள் பயம் என்று சொல்லிக் கேட்டது இரண்டோ மூன்றோ தடவைதான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது முதுகுகளில் ஒன்று திரும்பி, அடுத்த பதார்த்தம் கொண்டுவரலாமா என்று கேட்டது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்துப் படகுவரை கைகோத்து நடந்தோம். இருட்டில் மணல் ஈரமாக, குளிர்ந்து கிடந்தது.

இப்படிப்பட்ட இடங்களை எள்ளி எழுதுவது சுலபம். நானும் கொஞ்சம் எழுதிவிட்டேன். சராசரியாகக் கடல்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர்தான் உயரமுள்ள நாடு இது. 2009இல் அதிபர் நஷீது கடலடியில் அமைச்சரவையைக் கூட்டிக் காட்டியது அதற்காகத்தான். அங்கே போய் டீசலில் ஓடும் குளிர்சாதனத்துக்குக் கீழே எளிமையை அனுபவிப்பதில் அபத்தம் இருக்கிறது. ஆனாலும் சமையலறையும் தொலைக்காட்சியும் நடுவில் இல்லாத ஒரு மேசை எங்களுக்குத் தேவைப்பட்டது. அது லீட்ஸில் கிடைத்திருக்காது.

திரும்பும்போது மாலேயில் அரை நாள் இருந்தது. மீன்சந்தைக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் மாசி அடுக்கியிருந்தார்கள். அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்த சூரை. மரக்கட்டைபோல இருக்கும். விடுதியில் காலைதோறும் தந்த மாசு ஹுனி, தேங்காயும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்த சூரைதான். அம்மா வைக்கும் மாசிச் சம்பலுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். நான் துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் பார்த்தேன். நன்றாகக் காய்ந்ததென்றால் கணீரென்று கேட்கவேண்டும். அப்பா அப்படித்தான் பார்ப்பார். ஒரு கிலோ நிறுக்கச் சொன்னேன்.

கடைக்காரர் காகிதத்தைக் கிழித்தார். பின்னால் நின்ற மனைவி, புதிதாகக் கையில் வந்த செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பொட்டலமா கட்டச் சொல்லுங்க. அரைக் கிலோ எனக்குத் தனியா."