அக்காவுக்குச் சொன்னது

போக்சோ வழக்குகளில் எதிரித் தரப்பு தவறாமல் எடுக்கும் வாதம் ஒன்று உண்டு: "இது சொல்லிக்கொடுத்த சாட்சி." குழந்தை தடுமாறினால் நம்பத்தக்கதல்ல என்பார்கள். தடுமாறாமல் சொன்னால், அம்மா மனப்பாடம் செய்ய வைத்துவிட்டாள் என்பார்கள். நான் ஆஜரான ஒரு வழக்கில் இந்த வாதத்துக்கு வசதியாக ஓர் உண்மையும் இருந்தது. அந்த அம்மா நிஜமாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஊரையும் பெயரையும் எழுத மாட்டேன். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. தென் மாவட்டம் ஒன்றில் காம்பவுண்டு வீடு. வரிசையாகக் குடித்தனங்கள், பொதுவில் ஒரு குழாய். அம்மா தையல்காரர். அப்பாவுக்கு வெளியூரில் கட்டட வேலை. மகள் ஏழாம் வகுப்பு, பையன் மூன்றாம் வகுப்பு. வீட்டுக்காரரின் அண்ணன் மாடியில் தனியாக இருந்தார். காம்பவுண்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பெரியப்பா. அவரிடம் கேரம் போர்டு இருந்தது. மாடிக்குப் போவதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மகள் வளர்கிறாளே என்று ஒரு ராத்திரி அம்மா அவளை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். ஜட்டி மறைக்கிற இடத்தை யாரும் தொடக் கூடாது, டாக்டர் பார்ப்பதானாலும் அம்மா கூட இருக்கணும், தெரிஞ்சவங்களானாலும் அப்படித்தான் என்றெல்லாம். கடைசியாக, "அம்மாகிட்ட சொல்லாதேன்னு யாராவது சொன்னா, அதைத்தான் முதல்ல அம்மாகிட்ட சொல்லணும்." பையன் பக்கத்தில் போர்வைக்குள் கிடந்தான். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஆம்பளைப் பிள்ளை.

அம்மா கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியத்தின் அருமை எனக்கு இந்த வழக்கில்தான் உறைத்தது. பள்ளிகளில் 'குட் டச், பேட் டச்' சொல்லித் தருகிறார்கள், நல்லதுதான். ஆனால் கேரம் ஆடவிட்டு, மிட்டாய் வாங்கித் தந்து, பிரியமாகப் பேசும் ஒருவர் செய்வது கெட்டதா இல்லையா என்று எட்டு வயதுப் பிள்ளை எப்படித் தீர்மானிக்கும்? 'சொல்லாதே' என்று ஒருவர் சொன்னாரா இல்லையா என்பது மட்டும் அதற்குத் தெளிவாகத் தெரியும்.

சில வாரம் கழித்துப் பையன் மெஷின் பக்கத்தில் வந்து நின்று, "பெரியப்பா ஒண்ணை உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு" என்றிருக்கிறான். அம்மா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, "என்னது?" என்று மட்டும் கேட்டார். அவன் சொல்லச் சொல்ல, "அப்புறம்?" அவ்வளவுதான். நீ ஏன்டா மாடிக்குப் போனே என்று கத்தவில்லை, இங்க தொட்டாரா, அங்க தொட்டாரா என்று எடுத்தும் கொடுக்கவில்லை. எப்படி முடிந்தது என்று பின்னால் கேட்டேன். "கத்தியிருந்தா பாதியில நிறுத்தியிருப்பான் மேடம்."

புகார் போவதற்குப் பதினோரு நாள் ஆனது. "ஆம்பளப் புள்ளைக்கு என்னடி ஆயிடப் போகுது" என்றார் பாட்டி. பேசாமல் வீட்டைக் காலி செய்துவிடலாம் என்றார் அப்பா போனில். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி, 2007-ல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். அந்தப் பாட்டிக்கு இதை யார் போய்ச் சொல்வது! கடைசியில் அம்மா பையனின் வகுப்பு ஆசிரியையிடம் போய் அழுதார். தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம் என்று அந்த ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. 1098-க்கு அழைத்தார். மகளிர் காவல் நிலையத்திலிருந்து எஸ்.ஐ. அம்மா சுடிதாரில் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் எழுதினார். சீருடையில் வரக் கூடாது என்பதும் சட்டம்தான்.

வழக்கை நடத்துபவர் அரசு சிறப்பு வழக்கறிஞர். குடும்பம் தன் பங்குக்கு ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. அப்படித்தான் நான் உள்ளே வந்தேன்.

விசாரணை நாளன்று எதிரியைத் திரைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள். குழந்தையால் சாட்சி சொல்ல முடியுமா என்று முதலில் நீதிபதி பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம், வாத்தியார் பெயர் எல்லாம் கேட்டுவிட்டு, "பொய் சொன்னா என்ன ஆகும்?" என்றார். "சாமி கண்ணைக் குத்தும்னு பாட்டி சொல்லும். ஆனா குத்தாது." நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப பொய் சொல்லலாமா?" என்றார். "கூடாது. வேற யாருக்காவது அடி விழும்." போதும் என்று குறித்துக்கொண்டார்.

குறுக்கு விசாரணையில் குழந்தையிடம் வக்கீல் நேரடியாகக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் சொல்ல, அவர்தான் கேட்பார். எதிரித் தரப்பு வக்கீல் திறமைசாலி; அம்மாவின் வாக்குமூலத்தை நன்றாகப் படித்திருந்தார். அந்த ராத்திரிப் பேச்சு மகளிடம் பேசியது, பையனிடம் அல்ல என்பதைப் பிடித்துக்கொண்டார். அவனுக்கு இதெல்லாம் சொல்லப்பட்டதே வாடகைப் பாக்கித் தகராறுக்குப் பிறகுதான் என்பது அவர் கட்சி. பாக்கி இருந்தது உண்மைதான்.

"இதையெல்லாம் அம்மா உனக்கு எப்பச் சொல்லிக் கொடுத்தாங்க?"

"எனக்குச் சொல்லல. அக்காவுக்குத்தான் சொன்னாங்க. நான் தூங்குற மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"கோர்ட்ல என்ன சொல்லணும்னு அம்மா சொன்னாங்க?"

"ஒண்ணுக்கு வந்தா கேக்கணும்னாங்க. ஞாபகம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லணும்னு வக்கீல் ஆன்ட்டி சொன்னாங்க."

நடந்தது ஞாயிற்றுக்கிழமையா, லீவு நாளா என்பதில் அவன் விசாரணைக்கு முன் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதும் இங்கே சொன்னதும் வேறாக இருந்தன. எதிரித் தரப்பு அதைப் பெரிதாக்கியது. மையமான விவரம் அம்மாவிடம் சொன்ன நாள் முதல் மாறவில்லை. மனப்பாடம் செய்த பிள்ளை கிழமையைத் தப்பாகச் சொல்லாது என்று எழுதினார் நீதிபதி. பிள்ளையைத் தற்காத்துக்கொள்ளப் பழக்குவது வேறு, கதையை ஒப்பிக்கப் பழக்குவது வேறு என்றும் தீர்ப்பில் ஒரு பத்தி இருந்தது. ஐந்தாண்டு கடுங்காவல். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை என்பதால் அதற்குக் குறைத்துக் கொடுக்க அந்தக் குற்றத்துக்குரிய பிரிவில் இடமில்லை.

பிறகு அந்த ஆசிரியை, பள்ளியில் பெற்றோரிடம் பேச வர முடியுமா என்று அழைத்தார். பெண் பிள்ளைகளின் அம்மாக்களை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். இத்தனைக்கும் வழக்கில் சாட்சி சொன்னவர். எல்லாரையும் கூப்பிடுங்கள், அப்பாக்களையும் என்றேன். வந்த சொற்ப அப்பாக்களில் ஒருவர் ஸ்டாண்டிலிருந்து காக்கிச் சட்டையோடு நேரே வந்திருந்தார். பையனிடம் இந்தப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்பது அவர் கேள்வி. குளிக்க வைக்கும்போது ஆரம்பிக்கலாம் என்றேன்.

"பத்து வயசு மேடம். அவனே குளிச்சுக்குவான்."

"ஸ்கூலுக்கு யார் கொண்டுபோய் விடுறது?"

"நான்தான். என் ஆட்டோவுலதான்."

"அப்ப ஆட்டோவுலயே பேசுங்க. நீங்க ரோட்டைப் பாத்துக்கிட்டு இருப்பீங்க, அவன் பின்னாடி இருப்பான். முகத்தைப் பாக்காம பேசுறது ரெண்டு பேருக்கும் லேசு."