ரோட்டவேட்டர் ஷாப்ட்: காது நேராக இருக்கிறதா?

போன வருஷம் ஆடியில் நல்ல மழை ஒன்று விழுந்தது. எங்களுக்கு வீடு திருக்கோகர்ணத்தில், நிலம் ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர், செம்மண் சரளை. ஈரம் இருக்கிற இரண்டு மூன்று நாளுக்குள் உழுது கடலை போட்டுவிட வேண்டும். விட்டால் மண் இறுகிவிடும். அந்த நேரம் பார்த்து ரோட்டவேட்டர் ஷாப்டில் கிராஸ் உடைந்தது.

டவுனில் புதுக் கிராஸ் வாங்கி வந்து நானே மாட்டினேன். ஓட்டிப் பார்த்தால் டிராக்டரே உதறுகிறது. பின்னால் ‘கடகட’வென்று ஒரு சத்தம். பிளேடு தேய்ந்திருக்கும் என்று நினைத்து பிளேடு செட்டை மாற்றினேன், கேட்கவில்லை. மூன்றாம் நாள் புதுக் கிராஸும் போனது. பி.டி.ஓ. பக்கம் ஆயில் சீல் கசிய ஆரம்பித்தது. கடைசியில் வாடகைக்கு வண்டி பிடித்து, ஈரம் போன மண்ணில் ஓட்டித்தான் விதைத்தேன். பாதிக்குப் பாதிதான் முளைத்தது.

கோளாறைக் கண்டுபிடித்தவர் என் மச்சான். ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய பென்ஸ் கார்கள் பார்க்கிறவர், லீவில் வந்திருந்தார். கொட்டகையில் கிடந்த ஷாப்டைக் கையில் எடுக்கக்கூட இல்லை. குனிந்து பார்த்தவர், “என்ன மாப்ள, ரெண்டு பக்கக் காதும் ஒண்ணுக்கொண்ணு குறுக்கே நிக்குது?” என்றார்.

எங்களுடையது பழைய மாதிரி ஷாப்ட். ஒரு பாதி சதுரக் கம்பி, மறு பாதி சதுரக் குழாய், ஒன்றுக்குள் ஒன்று போய்வரும். இரண்டு நுனியிலும் கிராஸைப் பிடிக்கிற கவட்டை ஒன்று இருக்கும். அதன் இரு கைகளைத்தான் காது என்கிறோம். கிராஸ் மாட்ட வசதியாக ஷாப்டை இரண்டாக உருவினேன். திரும்பச் செருகும்போது கால் சுற்று மாறிவிட்டது. சதுரம் என்பதால் எப்படித் திருப்பினாலும் உள்ளே போய்விடுகிறது, தப்பு என்று அது சொல்லாது.

கால் சுற்றில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் கேட்டேன். மச்சான் ஷாப்டை மடக்கிப் பிடித்து மெதுவாகச் சுற்றிக் காட்டினார். கிராஸ் ஜாயின்ட் மடங்கிய நிலையில் சுற்றும்போது, அந்தப் பக்கம் போகிற வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு தடவை கூடி, இரண்டு தடவை குறைகிறது. அதனால்தான் ஷாப்டில் இரண்டு ஜாயின்ட். நடு ஷாப்டின் இரண்டு கவட்டையும் ஒரே நேரில் இருந்தால், முன் ஜாயின்ட் கூட்டியதைப் பின் ஜாயின்ட் கழித்துவிடும். குறுக்கே இருந்தால் கழிப்பதற்குப் பதில் அதுவும் சேர்ந்து கூட்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று. இரண்டு ஜாயின்டும் 15 டிகிரி மடங்கியிருந்து, காதும் குறுக்கே இருந்தால், ரோட்டவேட்டருக்குப் போகிற வேகம் 504-க்கும் 579-க்கும் நடுவே ஆடும். ஹைட்ராலிக்கில் தூக்கி 30 டிகிரி ஆகிவிட்டால் 405-க்கும் 720-க்கும் நடுவே! அதுவும் விநாடிக்கு 18 தடவை. கிராஸ் எப்படித் தாங்கும்? பி.டி.ஓ. சுற்றிக்கொண்டிருக்கும்போதே வரப்பு முனையில் உயரத் தூக்கித் திருப்புகிற பழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது நிறுத்திவிட்டுத்தான் தூக்குகிறேன்.

காது நேராக இருந்தால் மட்டும் போதாது, இரண்டு ஜாயின்டும் ஒரே அளவு மடங்கவும் வேண்டும். உழுகிற நிலையில் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டும் ரோட்டவேட்டர் கியர்பாக்ஸ் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறபடி டாப் லிங்க்கைத் திருகிச் சரிசெய்ய வேண்டும்.

அவர் பார்க்கிற கார்களில் சில இடத்தில் கிராஸுக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் வட்டு இருக்குமாம், ஆறு போல்ட்டோடு. போல்ட்டைத் திருகினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அதனால் ரப்பர் பக்கம் இருப்பதை அசையாமல் பிடித்துக்கொண்டு இரும்புக் கை பக்கம் இருப்பதைத்தான் முறுக்க வேண்டுமாம். வட்டில் அம்புக்குறி இருந்தால் அது இரும்புக் கையைப் பார்க்க வேண்டும். அதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, கார் உதறுகிறது என்று டயரை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறாராம். நான் பிளேடு மாற்றிய கதைதான்.

கிராஸை அவரே மாட்டிக் காட்டினார். நான் அடித்து இறக்கியதை அவர் வைஸில் வைத்து அழுத்தினார். கப்புக்குள் ஊசி ஊசியாக இருக்கிற நீடில்கள் கிரீஸில் ஒட்டி நின்றபடி இருக்க வேண்டும். ஒரு நீடில் அடியில் சாய்ந்துவிட்டாலும் கப் முழுசாக இறங்காது, லாக் மாட்டுகிற பள்ளம் தெரியாது. அப்போது சுத்தியலால் இன்னும் இரண்டு போடு போட்டோமானால் புதுக் கிராஸ் அங்கேயே கெட்டது. வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் வழி. லாக் மாட்டிய பிறகு கையால் ஆட்டினால் நான்கு பக்கமும் இறுக்கமில்லாமல் அசைய வேண்டும். கிரீஸ் நிப்பிள் கன் எட்டுகிற பக்கம் பார்க்கட்டும்.

நீளமும் முக்கியம். சித்தப்பா டிராக்டரில் இதே ஷாப்டை மாட்டுகிறோம், வண்டிக்கு வண்டி தூரம் மாறும். மிகக் குறுகிய நிலையில் கம்பி குழாயின் அடியில் போய் முட்டினால் பி.டி.ஓ. பேரிங்கைத்தான் குத்தும். என் ஆயில் சீலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். மிக நீண்ட நிலையில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். ஷியர் போல்ட் உடைந்தால் கெட்டியான போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். அது உடைவதற்கென்றே வைத்தது. அது உடையாவிட்டால் கியர்பாக்ஸ் உடையும்.

மேல் உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று அதைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தேன். ஒரு சாயங்காலம் தோளில் கிடந்த துண்டின் நுனி ஷாப்டில் சிக்கியது. விநாடிக்கு ஒன்பது சுற்று. என்ன நடந்தது என்று புரிவதற்குள் துண்டு போய்விட்டது. வேட்டியாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். என் வீட்டுக்காரி அன்றைக்கே உறையைப் பரணிலிருந்து இறக்கி வைத்துவிட்டாள். இப்போது அதை மாட்டாமல் வண்டி கொட்டகையை விட்டு வெளியே போவதில்லை.

ஷாப்டின் இரண்டு பாதியிலும் வெள்ளை பெயின்டால் ஒரே நேரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கிரீஸ் பட்டு இரண்டு மாதத்தில் அழிந்துவிட்டது. இப்போது உளியால் கொத்தி அடையாளம் வைத்திருக்கிறேன்.