பதினைந்தாயிரம் ரூபாய்க்கு வெளிச்சம்

1905-ஆம் வருஷத்தில், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்ஸென்ட் என்பவர், குமாஸ்தாக்கள் சாதாரணமாகச் செய்யத் துணியாத ஒரு காரியத்தைச் செய்தார். டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்தவர், தேக அசௌக்கியத்தினால் நாடு திரும்ப நேர்ந்தது. அவரிடமிருந்த படக் கருவியையும் சில படச் சுருள்களையும் வின்ஸென்ட் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டார். அந்நாளில் ஒரு குமாஸ்தாவுக்கு அது பல வருஷத்துச் சம்பளம். அன்றிரவு அவருடைய வீட்டில் என்ன சம்பாஷணை நடந்ததென்று எந்தச் சரித்திரத்திலும் நான் படித்ததில்லை. அவர் வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையையே கட்டினார்.

நான் வேலையையும் விடவில்லை, கூடாரமும் அடிக்கவில்லை. பசுமலையில் இருக்கும் என் சின்ன வீட்டில், என் தாயார் ஒருவருக்குப் படம் காட்ட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். கையில் இருந்த தொகை பதினைந்தாயிரம்.

என் தாயாருக்கு வயது எண்பத்திரண்டு. 1952-ஆம் வருஷத் தீபாவளிக்கு மதுரையில் தங்கம் தியேட்டர் திறக்கப்பட்டபோது, பாட்டனார் கையைப் பிடித்துக்கொண்டு ‘பராசக்தி’ பார்க்கப் போனவர். இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய அந்த மாளிகை இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் ஜவுளி வியாபாரம் நடக்கிறது. வேறு தியேட்டர்கள் இருக்கத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றின் படிகளுக்கும் தாயாரின் முழங்கால்களுக்கும் ஒத்துவரவில்லை. எங்கள் முப்பத்திரண்டு அங்குல டெலிவிஷனைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் இது: “பெட்டிக்குள்ளே எறும்பு ஊருகிறது. இதுவா படம்? இன்னும் ஒரு தடவை பெரிசாகப் பார்த்துவிட்டால் தேவலை, அப்பா.”

எண்பத்திரண்டு வயதில் ஒருவர் ‘இன்னும் ஒரு தடவை’ என்று சொன்னால், அதை அடுத்த போனஸ் வரையில் ஒத்திப்போடுவது நியாயமாகப் படவில்லை.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், பையன் மரியாதையாகவே பேசினான். “ஐயா, இது ஒன்பதாயிரம் லூமென், 4கே சப்போர்ட், இருநூறு அங்குலம் படம் காட்டும், விலை ஆறாயிரந்தான்” என்றான். மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், எதிரில் நின்று பாலைக் கறந்து பார்க்கிறான். புரொஜக்டர் வாங்குகிறவனோ அட்டைப் பெட்டியின் மேல் அச்சடித்ததைப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணி வைக்கிறான்! பெட்டிக்குள் இருக்கும் விளக்கு எவ்வளவு பிரகாசம் என்பது ஒரு கணக்கு. லென்ஸைத் தாண்டித் திரையில் வந்து விழும் வெளிச்சம் எவ்வளவு என்பது வேறு கணக்கு. பின்னதுதான் நமக்குப் பிரயோஜனம். வெள்ளைத் திரையில் ஒன்பது இடங்களில் அளந்து சராசரி எடுத்து, ‘ஆன்ஸி லூமென்’ என்று அதைச் சொல்லுவார்கள். அந்த வார்த்தை இல்லாமல் வெறும் ‘லூமென்’ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால், அது அடிப்பக்கம் குழிந்த படியினால் அளந்த பால்.

“இதற்கு ஆன்ஸி லூமென் எவ்வளவு, தம்பி?” என்று கேட்டேன். பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

‘4கே சப்போர்ட்’ என்பதும் அந்த ஜாதிதான். அவ்வளவு நுட்பமான படத்தை அனுப்பினால் கருவி ஏற்றுக்கொள்ளும் என்று மட்டுமே அதற்குப் பொருள். உள்ளே இருக்கும் சில்லில் 1280-க்கு 720 புள்ளிகள்தான் இருந்தால், ஒன்பது பேர் விருந்துக்கு வந்து ஓர் இலையில் உட்காருகிற கதைதான். ‘நேட்டிவ்’ எவ்வளவு என்று கேட்க வேண்டும். 1920-க்கு 1080 இருந்தால் வீட்டுக்கு உத்தமம்.

இனி, வாசகர்கள் ஒரு காகிதமும் பென்ஸிலும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நல்ல தியேட்டர்களில் திரையின் சதுர அடி ஒன்றுக்குச் சுமார் பதினாறு லூமென் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. நூறு அங்குலப் படம் என்றால் குறுக்களவு நூறு. அதன் அகலம் 87 அங்குலம், உயரம் 49. ஏறக்குறைய முப்பது சதுர அடி. இருநூறு ஆன்ஸி லூமென் உள்ள கருவியின் வெளிச்சத்தை முப்பது சதுர அடியில் பரப்பினால், ஓர் அடிக்கு ஏழுகூடத் தேறாது. கதாநாயகி சாயங்காலத்திலேயே நடமாடுவாள். எண்பது அங்குலத்துக்குக் குறைத்தால் பரப்பு பத்தொன்பது சதுர அடிதான். அறுபது அங்குலத்தில் பதினொன்றுக்கும் குறைவு. இருப்பதோ ஒரு கரண்டி நெய். அதை ஓர் இட்டிலிக்கு விடுவதா, நாலு இட்டிலிக்கு விடுவதா என்பதே கேள்வி. கண்புரை எடுத்த கண்களுக்கு மங்கலான பெரிய படத்தைவிடப் பளிச்சென்ற நடுத்தரப் படமே மேல் என்று நான் தீர்மானித்தேன். நூறு அங்குல ஆசையை அங்கேயே இறக்கி வைத்தேன்.

அக்காள் மகன் ஒரு யோசனை சொன்னான். அவன் வேலை பார்க்கும் ஆபீஸில் கழித்துக் கட்டும் பழைய புரொஜக்டர் மலிவாகக் கிடைக்கும்; மூவாயிரம் லூமென், அதுவும் உண்மையான லூமென். மோசமான யோசனை அல்ல. கூடத்தில் நாலு பேர் நடமாடும் வெளிச்சத்திலும் அதில் படம் தெரியும். ஆனால் அதில் இருப்பது பாதரஸ விளக்கு. சில ஆயிரம் மணி நேரத்தில் அதன் ஆயுள் முடிந்துவிடும், புது விளக்கின் விலையோ கருவியின் விலையை எட்டிப் பிடிக்கும். காற்றாடியின் இரைச்சல் வேறு. எல்.இ.டி. விளக்கு இருபதாயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைக்குமென்கிறார்கள். தாயார் தினம் மூன்று மணி நேரம் பார்த்தாலும் பதினெட்டு வருஷம் ஆகும். அவருக்கு அப்போது நூறு வயது. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கடைசியில் 1080 நேட்டிவ், நானூறு ஆன்ஸி லூமென் என்று குறித்திருந்த ஒரு கருவியைப் பன்னிரண்டாயிரத்து எண்ணூறுக்கு வாங்கினேன். அதிலும் மூன்றில் ஒரு பங்கை வியாபார தர்மத்துக்காகத் தள்ளிவிட்டேன். மீதி இருநூற்றெழுபதை எண்பது அங்குலத்தில் பரப்பினால் ஓர் அடிக்குப் பதினாலு. தியேட்டருக்குப் பக்கத்தில் வந்தாயிற்று. அதன் எறிதூர விகிதம் 1.3, படத்தின் அகலத்தை அதனால் பெருக்கினால் கருவி இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். எனக்கு ஏழரை அடிக்குக் கொஞ்சம் அதிகமாக வந்தது, அறை பதினோரடி. வாங்குவதற்கு முன் வீட்டில் இந்த அளவைப் பாராதவர்கள், பிற்பாடு சுவரை இடிப்பதா, கருவியை விற்பதா என்று யோசிக்க நேரும். கருவியைச் சுவருக்கு நேரே, படத்தின் மட்டத்துக்கு வைத்துவிட வேண்டும். கோணலாக வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்திச் சரிக்கட்டினால், அருமையாக வாங்கிய புள்ளிகளில் ஒரு பகுதி வீணாகிறது.

திரை வாங்கவில்லை. சுவரில் ஆறடிக்கு மூன்றரை அடி அளந்து, பளபளப்பில்லாத வெள்ளை பூசி, சுற்றிலும் கறுப்புப் பட்டை இழுத்தேன். ஒலிக்கு ஆயிரத்து நானூறில் தனி ஸ்பீக்கர். கருவிக்குள் இருப்பது கொசுவின் சங்கீதம். மிஞ்சிய எண்ணூறு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. இதில் ஒரு கஷ்டம் உண்டு. எங்கள் மலை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரியில்தான் கக்கும். சித்திரையில் ஜன்னலைத் துணி போட்டு அடைத்தால் அறை அடுப்பாகிவிடும். ஆகவே கோடைகாலத்தில் காட்சி ஒன்பது மணிக்கு மேல்தான். பகலில் படம் பார்க்க விரும்புகிறவர்கள் பேசாமல் பெரிய டெலிவிஷனுக்குப் பணம் சேர்ப்பது நல்லது.

பழைய படங்கள் நாலுக்கு மூன்று என்ற அளவில் எடுக்கப்பட்டவை. அகலத் திரைக்காக அவற்றை இழுத்து நீட்டினால் கதாநாயகர்கள் எல்லோரும் பீமசேனர்களாகி விடுகிறார்கள். அமைப்பை 4:3 என்று மாற்றி, இரண்டு பக்கமும் இருளாக விட்டேன். படம் ஐம்பத்திரண்டு அங்குல அகலந்தான். ஆனால் முகங்கள் முகங்களாக இருந்தன.

முதல் காட்சி ‘பராசக்தி’. தாயார் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. பிறகு, “தங்கத்திலே இதைவிடப் பெரிசு” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, “அங்கே முன்னால் ஒருத்தர் தலைப்பாக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாதிப் படம் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றவர், இடைவேளைக்கு முறுக்கு இருக்கிறதா என்று விசாரித்தார்.