வெள்ளைக் கொடி

சில ஆண்டுகளுக்கு முன் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், ஜோக்ஜகார்த்தா நகரில் குருநண்பர் ஒருவரோடு தங்கியிருந்தேன். ஒருநாள் காலை, தெருமுனையில் மூங்கிற்கழியொன்றில் சிறு வெள்ளைத்துணி கட்டப்பட்டிருந்தது. "இத்தெருவில் ஒரு சாவு வீடு, அயலார் அறிந்து வருவதற்கே இக்கொடி" என்றார் நண்பர். தலைநகர் ஜகார்த்தாவில் இதே செய்தியை மஞ்சள் கொடி அறிவிக்குமாம்.

குருமடத்தில் நிறங்களின் பொருளைக் கற்றவன் நான். ஊதா தவத்தைக் குறிக்கும், கருப்பு துயரத்தை, வெள்ளை உயிர்ப்பை. அடக்கச் சடங்கு கிறிஸ்தவச் சாவின் பாஸ்காத் தன்மையைத் தெளிவாகக் காட்ட வேண்டும், அந்தந்த நாட்டு மரபுக்கும் இசைய வேண்டும், திருவுடையின் நிறத்திற்கும் இது பொருந்தும் என 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்ததையும் அறிவேன். அந்த அறிவோடுதான் ஒருமுறை, வளர்ந்த மகனைப் பறிகொடுத்த தாயின் முன் வெள்ளைத் திருவுடையில் நின்று, "அம்மா, அழாதீர்கள்; இது உயிர்ப்பின் நிறம்" என்று மறையுரை ஆற்றினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை நெடுநாள் என்னை விட்டு அகலவில்லை.

ஜாவா மக்களும் வாய்விட்டு அழுவதை விரும்புவதில்லை. இழப்பை மனமுவந்து இறைவனிடம் ஒப்படைப்பதை 'இக்லாஸ்' என்று போற்றுகின்றனர். ஆயினும் அம்மனநிலையை ஒரே நாளில் எவரிடமும் கேட்பதில்லை. 3, 7, 40, 100ஆம் நாட்களிலும், முதலாண்டு, இரண்டாமாண்டு நிறைவிலும், இறுதியாக 1000ஆம் நாளிலும் அயலார் அவ்வீட்டில் கூடி மன்றாடி, உணவைப் பகிர்ந்து உண்கின்றனர். பெரும்பான்மையினரான இஸ்லாமியரின் இவ்வழக்கத்தைக் கத்தோலிக்கரும் செபத்தோடும் திருப்பலியோடும் கடைப்பிடிக்கின்றனர்.

வெள்ளையோ மஞ்சளோ, அக்கொடிக்குப் பொருள் தருவது அதைக் கண்டு வந்து சேரும் கால்களே எனக் கண்டேன். அவர்கள் ஆயிரம் நாள் காத்திருந்து பெறுவதை, நான் அந்தத் தாயிடம் ஒரே மணி நேரத்தில் கேட்டிருந்தேன்!

ஊர் திரும்பியதும் அவரைத் தேடிச் சென்றேன். மகனைப் பற்றி நெடுநேரம் பேசினார், அழுதார். நான் எதையும் போதிக்கவில்லை. விடைபெறும்போது வாசல்வரை வந்தவர், "அன்று நீங்க சொன்னது இப்பதான் காதில விழுது, சாமி" என்றார்.