நாயின் பெயரால் ஐந்து நிறுத்தங்கள்

எங்கள் வீட்டில் ஊருக்குப் போகத் திட்டமிடுவது என்றால் இரண்டு காரியங்கள். ஒன்று, என் கணவர் டிராவல்ஸுக்குப் போன் செய்வது. இன்னொன்று, மீதி எல்லாம்.

2025 பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை வந்தது. தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்து குடியேறியவர்களுக்கு அந்த நாள் என்னவென்று சொல்லத் தேவையில்லை. எங்கே இருந்தாலும் அன்றைக்கு அவரவர் சாஸ்தா கோயிலில் போய் நிற்க வேண்டும். என் கணவரின் சாஸ்தா திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டில் இருக்கிறார். சைதாப்பேட்டையிலிருந்து ஏறக்குறைய 650 கிலோமீட்டர். நான் சைதாப்பேட்டையிலேயே பிறந்தவள். என் அப்பா வழித் தெய்வம் செய்யாறு பக்கம். காலையில் போனால் மாலையில் திரும்பிவிடலாம். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடங்களில் ஒருமுறைகூட அங்கே போகவில்லை. பெண்ணுக்குக் கல்யாணத்தோடு மாறுவது வீடும் இனிஷியலும் மட்டுமல்ல, குலதெய்வமும்தான்.

வழக்கமாக எழும்பூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவோம். இந்த முறை வேன் பிடிக்க நான்தான் காரணம். மணியையும் செம்பியையும் விட்டுவிட்டு வர மாட்டேன் என்றேன். ரயிலில் நாயைக் கூட்டிப்போக வழி உண்டு. ஏசி முதல் வகுப்பில் இரண்டு பேருக்கான கூப்பேயையோ நான்கு பேருக்கான கேபினையோ முழுவதுமாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் ஏற்றிவிட வேண்டும். பதினொரு பேர் போகிற குடும்பத்துக்கு முதல் வகுப்பு கட்டுப்படியாகாது. காது கேட்காத கிழட்டு நாயை ராத்திரி முழுக்கக் கூண்டில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

மணி எங்களிடம் வந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் இறங்கிய இரவு, மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். ஆற்றோரத்துச் சனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மேடான தெருக்களுக்கு ஓடி வந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கியவர்களுக்கு நாயைத் தூக்கக் கை இருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மறுநாள் எங்கள் தெருமுனையில் கவிழ்ந்து கிடந்த தள்ளுவண்டிமேல் ஒரு குட்டி குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றது. அதுதான் மணி. விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு அந்தத் தள்ளுவண்டி ஞாபகம் வந்துவிடும்.

"கேரவன் எடுக்கலாம் பெரியம்மா, உள்ளேயே படுக்கை, பாத்ரூம் எல்லாம் இருக்கும்" என்றாள் கொழுந்தனார் மகள். பக்கத்துக் கேரளத்தில் 2021இலேயே 'கேரவன் கேரளா' என்று ஒரு சுற்றுலாத் திட்டம் தொடங்கினார்கள். ஆனால் சென்னைக்காரர்களுக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்பு நடக்கிற தெருவில் நிற்கும் நட்சத்திரத்தின் வண்டிதான். அந்த வண்டிக்குள் ஏற முடியாத பெண்களின் கதையை 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கை சொன்னது. மலையாளப் படப்பிடிப்புத் தளங்களில் துணை நடிகைகளுக்குக் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடமில்லை. அதனால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள், சிறுநீர்த் தொற்றோடு வேலை செய்தார்கள் என்று அதில் இருந்தது. நாடே அதிர்ந்தது. எனக்கு அதிர்ச்சி வரவில்லை. என் அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

நான் சிறுமியாக இருந்தபோது திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் தெருவே சேர்ந்து வேன் எடுத்துப் போகும். முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். வண்டி நின்றால் அப்பா, மாமா, சித்தப்பா எல்லாரும் புளியமரத்துக்கு முதுகைக் காட்டாமல் திரும்பி நிற்பார்கள். பெண்கள் வண்டிக்குள்ளேயே இருப்போம். யாராவது தாங்க முடியாமல் இறங்கினால் நாலு பேர் சேலையைப் பிடித்து மறைத்து நிற்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அம்மாவுக்கு எரிச்சலும் காய்ச்சலும் வரும். "சூடு பிடிச்சிக்கிச்சி" என்று சொல்லி இளநீர் குடிப்பாள். அது சூடு அல்ல, தொற்று என்று எனக்குத் தெரிந்தது, எனக்கும் அது வந்து மருத்துவரிடம் போன பிறகுதான்.

திட்டத்துக்கு என்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். டிராவல்ஸில் சொன்னது முதல் பக்கம்: பதினேழு இருக்கை வேன், நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா தனி, டோல் தனி. இரண்டாம் பக்கம் சாப்பாடு: மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளிசாதம், தயிர்சாதம், இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. மூன்றாம் பக்கம் நாய்கள்: வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று, மாநகராட்சி உரிமம், சங்கிலி, பழைய போர்வை, உப்பில்லாத சோறு, அகலமான கிண்ணம். நான்காம் பக்கம் மாமியாரின் மாத்திரைகள், தைலம், முட்டிக்குப் போடும் பட்டை. ஐந்தாம் பக்கம் பொங்கல் பானை, வெல்லம், பச்சரிசி, பூஜைச் சாமான். கடைசிப் பக்கத்தில் ஒரு காலண்டர் வரைந்திருந்தேன். வீட்டில் மாதவிலக்கு நிற்காத நான்கு பேரின் தேதிகள் அதில் இருந்தன. இந்தக் கடைசிப் பக்கம் இல்லாமல் எந்தக் கோயில் பயணமும் எங்கள் வீட்டில் முடிவானதில்லை. ஆண்கள் யாரும் அதைப் பார்த்ததும் இல்லை.

ஒரே மூச்சில் போய்விடலாம் என்றார் கணவர். மோட்டார் தொழிலாளர் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது, ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலைதான் என்று எடுத்துச் சொன்னேன். அதனால் வியாழக்கிழமை விடியற்காலை கிளம்பி, மதுரையில் நாத்தனார் வீட்டில் தங்கி, மறுநாள் கோயில் என்று முடிவாயிற்று. நாயோடு போனால் லாட்ஜில் விடமாட்டார்கள் என்ற கவலையும் அதோடு தீர்ந்தது.

அடுத்தது வண்டி எங்கெங்கே நிற்பது. இதுதான் எங்கள் வீட்டில் பழைய சண்டை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி நான் கேட்காத வருடமில்லை. "பொம்பளைங்களோட வந்தா இப்பிடித்தான், நின்னு நின்னு போனா எப்பப் போய்ச் சேர்றது?" என்பதுதான் எப்போதும் பதில்.

இந்த முறை நாய் டாக்டரிடம் போனேன். அவர் தெளிவாகச் சொன்னார்: கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே சோறு கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி எடுக்கும். இரண்டு மூன்று மணிக்கொரு தடவை இறக்கி நடக்கவிட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதனால் பங்குனி வெயிலில் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் போதாது.

வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். கணவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். "பாவம், வாயில்லா ஜீவன். அது எப்பிடி அடக்கிக்கிட்டு வரும்?" என்றார்.

நான் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து 'நாய் நிறுத்தங்கள்' என்று தலைப்பிட்டு எழுதினேன்: செங்கல்பட்டு தாண்டி, திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், துவரங்குறிச்சி. ஒவ்வோர் இடத்திலும் பெட்ரோல் பங்க். கழிப்பறையும் குடிதண்ணீரும் சக்கரத்துக்குக் காற்றும் தர வேண்டியது பங்க்கின் கடமை. ஆனால் பூட்டிக் கிடக்குமா, தாழ்ப்பாள் இருக்குமா, பக்கெட் இருக்குமா என்பதெல்லாம் போனவர்களைக் கேட்டால்தான் தெரியும். அந்தச் சாலையில் போய் வந்த தோழிகள், ஓரகத்தியின் அக்கா, அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்கள் என்று ஒன்பது பெண்களிடம் விசாரித்தேன். யாருமே "எதுக்குக் கேக்குற?" என்று கேட்கவில்லை. எல்லார் மனதிலும் அந்தச் சாலையின் கழிப்பறை வரைபடம் ஒன்று இருந்தது.

என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

என் மகளுக்குப் பதினாறு வயது. பதினொன்றாம் வகுப்புத் தேர்வு முடிந்து வீட்டில் இருந்தாள். கடைசிப் பக்கத்துக் காலண்டரில் அவள் தேதி ஏப்ரல் 10, 11 என்று விழுந்திருந்தது. மாமியார் தயங்கித் தயங்கி, "பிள்ளைக்கு அந்தத் தள்ளிப்போடுத மாத்திரைய வாங்கிக் குடுத்திரு தாயி, அவளும் பொங்கலிடணும்லா" என்றார். மருந்துக் கடையில் கேட்டேன். சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். அதை நோட்டுக்குள் செருகி வைத்தேன். மகளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை என்பதைத்தான் நான் இங்கே எழுதியாக வேண்டும். என் கல்யாணத்துக்கு என்னை யாரும் கேட்கவில்லை. கொழுந்தனார் கல்யாணம், வீடு புகுவிழா, நாத்தனார் வளைகாப்பு, மூன்று பங்குனி உத்திரம் எல்லாவற்றுக்கும் நானே வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு வருகிற மாதம் கொட்டித் தீர்ப்பதையும் நானேதான் தாங்கினேன்.

நோட்டைத் திறந்தவள் மகள். ஒரு பக்கத்தில் நாய் நிறுத்தங்கள். எதிர்ப்பக்கத்தில் மாத்திரை அட்டை.

"ஏம்மா, செம்பிக்கு மூத்திரம் வந்தா வண்டி நிக்கும். எனக்கு பீரியட்ஸ் வந்தா பீரியட்ஸத்தான் நிறுத்தணுமா?"

என்னிடம் பதிலில்லை. அவள் மறுபடி நிறுத்தப் பட்டியலைப் பார்த்தாள். "இந்த அஞ்சும் நமக்குத்தானே போட்டிருக்க? அப்புறம் ஏன் நாய் பேர எழுதியிருக்க?"

"நாய் பேரச் சொன்னாத்தாண்டி நிப்பாட்டுவாங்க."

"அப்ப அடுத்த வருஷம் மணி செத்துட்டா?"

கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சண்டை போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு எழுவத்திரண்டு வயசாவுது. கண்டக்டரு வண்டிய நிறுத்துவானோ மாட்டானோன்னு பயந்து, இன்னைக்கு வரைக்கும் ஊருக்குப் போறன்னைக்கு நான் பச்சத் தண்ணி பல்லுல படவிட்டதில்ல. இருமுனா, தும்முனா ஒழுகிருது. யார்ட்டச் சொல்ல? பெரம்பலூருக்கும் அந்தத் துவரங்குறிச்சிக்கும் நடுவுல எனக்குன்னு ஒண்ணு போடு தாயி. என் பேரையே எழுது."

இருபத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவர் முட்டிவலி எனக்குத் தெரியும், சர்க்கரை அளவு தெரியும். இது தெரியாது. நான் யாரோடு சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேனோ, அவரும் அதே வண்டியில் அதே மாதிரி அடக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

'நாய்' என்ற சொல்லை அடித்தேன். 'எங்கள் நிறுத்தங்கள்' என்று எழுதினேன். ஐந்து ஆறாயிற்று. ஆறாவது திருச்சி தாண்டி விராலிமலை. அன்றிரவு அதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். "நாய்க்குத்தானே சொன்னே?" என்றார். "இல்ல, எங்களுக்கு" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துவிட்டு, "விராலிமலையில மயில் இருக்கும், நாய் குலைக்கும்" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து மறுப்பு வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இதைப் புரட்சி என்று சொல்ல மாட்டேன்.

மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டோம். அதனால் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை கோயில் எல்லைக்கு முன்பே மகளை நிற்கச் சொன்னார்கள். மாமியார் நிறுத்தம் கேட்டாரே தவிரத் தீட்டை விட்டுக்கொடுக்கவில்லை. நாய்களுக்கும் அனுமதி இல்லை. பைரவருக்கு வாகனமே நாய்தானே என்றேன். "அது கல்லு நாய்" என்றார் சித்தப்பா. அந்த வருடப் பொங்கலை ஓரகத்தியிடம் விட்டுவிட்டு நானும் மகளோடு வெளியே தங்கினேன்.

தேரியின் செம்மணலில் ஒரு பனைக்கூட்டத்துக்கடியில் போர்வையை விரித்தோம். மணி மகள் மடியில் தலைவைத்துப் படுத்தது. செம்பி மணலைத் தோண்டியது. சற்றுத் தள்ளி இன்னும் சில வேன்கள் நின்றன. அவற்றின் நிழலில் ஒரு கல்லூரிப் பெண், கைக்குழந்தையோடு ஒருத்தி, இரண்டு பள்ளிச் சிறுமிகள். எதற்காக வெளியே இருக்கிறோம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. செம்பிதான் முதலில் அவர்களிடம் போனது. பிறகு அவர்கள் எங்கள் போர்வைக்கு வந்தார்கள். புளிசாதத்தைப் பிரித்தோம். எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள், வயிறு நிறைய.

திரும்பி வந்ததும் நோட்டில் அடுத்த பங்குனிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். மகள் அதற்கு முன்னால் இன்னொரு பக்கம் எழுதியிருக்கிறாள்: 'செய்யாறு. அம்மாவின் சாமி. நிறுத்தங்கள் இரண்டு. மணி, செம்பி, பாட்டி வருகிறார்கள். அப்பா வேண்டுமானால் வரலாம்.'