பழவேற்காடு: கோட்டை மறைந்தது... வீடுகளாவது நிற்குமா?

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கி.மீ. பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். பழவேற்காட்டுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் ஏரியைப் பார்க்கிறார்கள், பூநாரைகளைப் படம் எடுக்கிறார்கள், மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள் நடப்பவர்கள் குறைவு. 400 ஆண்டு வரலாறு இருப்பதோ ஊருக்குள்தான்!

கல்லில் மிஞ்சிய கோட்டை

1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். பெயர் கெல்டிரியா. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாக வைத்த பெயர். சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய தலைமையிடம் 1690 வரை இதுதான். பிறகுதான் நாகப்பட்டினத்துக்கு மாறியது. பழவேற்காட்டின் கட்டம் போட்ட துணி கப்பலேறிக் கிழக்கே போனது. மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். நம் ஊர்ப் பெயர்தான் அது! துணி மட்டும் போகவில்லை. ஆயிரக்கணக்கான மனிதர்களும் இங்கிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள்.

1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர் மண்டிய மேடும் அகழியின் மிச்சமும்தான். அது எப்படி இருந்தது என்று பார்க்க, டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கல்லறைக் கல்லில் கோட்டையின் உருவத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வாசலில் வரவேற்பது எலும்புக்கூடு சிற்பங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் இந்தத் தோட்டம் தப்பித்தது.

திண்ணை, முற்றம், சுண்ணாம்பு

பாதுகாப்பு இல்லாதவை வீடுகள். கோட்டைக்குப்பம் பகுதியில் லெப்பை வணிகக் குடும்பங்களின் பழைய வீடுகள் இருக்கின்றன. தெருவைப் பார்த்த திண்ணை, மரத்தூண்கள், உள்ளே வெளிச்சமும் காற்றும் இறங்கும் முற்றம். வெயிலையும் உப்புக்காற்றையும் தெரிந்து கட்டிய வீடுகள் இவை.

ரகசியம் சுண்ணாம்பில் இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் கிளிஞ்சல் ஏராளம். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றினால் சுண்ணாம்பு. அதோடு மணலைச் சேர்த்து அரைத்தால் சாந்து. அந்தக் காலத்துக் கொத்தனாருக்கு ஏரியே சிமென்ட் ஆலை!

இந்தச் சாந்து மூச்சுவிடும். தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரத்தை மெதுவாக வெளியே விட்டுவிடும். ஈரத்தோடு வரும் உப்பும் மேல்பூச்சிலேயே தங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சைப் புதுப்பித்தால் போதும், செங்கல் தப்பிக்கும்.

சிக்கல் எங்கே?

பூச்சு உதிர்ந்ததும் எல்லோரும் செய்வது சிமென்ட் பூசுவது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். உப்பு செங்கல்லுக்குள் படிந்து, அதைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். நல்லது என்று நினைத்துச் செய்த பழுதே வீட்டைத் தின்றுவிடும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நாளும் செலவும் அதிகம். பிள்ளைகள் பிழைப்புக்காக நகரத்துக்குப் போய்விட்ட வீட்டில் இதையெல்லாம் யார் பார்ப்பது? பூட்டிய வீட்டில் மழை ஒழுகினால் உத்திரம் உளுத்துப்போகும். உத்திரம் போனால் கூரை போகும். இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டுபவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்களுக்கு அது வரலாறு அல்ல, குடியிருக்கும் வீடு.

போகிறவர்களுக்கு...

காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் நடக்க முடியாது. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, சின்னப் பள்ளிவாசலின் சூரியக் கடிகாரத்தையும் கேட்டுப் பாருங்கள். வீடுகளைப் படம் எடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். பழைய சுவரின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கிளிஞ்சல் துணுக்கு ஒன்று கண்ணில் பட்டால், அது அந்த ஏரியிலிருந்து வந்ததுதான்.

கோட்டையின் உருவத்தைக் காட்ட ஒரு கல்லாவது மிஞ்சியது. இந்த வீடுகளுக்கு அப்படி ஒரு கல்கூட இல்லை.